லண்டன் வரைதான் வந்தது

கிரான்தம் சந்திப்பில் லண்டன் ரயிலை விட்டு இறங்கி, ஸ்கெக்னஸ் போகும் சிறிய ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் மேடு பள்ளம் என்பதே இல்லாமல் போய்விடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த மண், நேர்கோட்டில் ஓடும் வாய்க்கால்கள், வரிசை வரிசையாக முட்டைக்கோசும் காலிஃப்ளவரும். சதுப்பை வடித்து, கடலுக்கு அணைபோட்டு, பல தலைமுறைகள் உழைத்து உண்டாக்கிய நிலம் இது. அந்தச் சமவெளியின் விளிம்பில் ஒற்றைக் கோபுரம் தெரிகிறது. 80 மீட்டருக்கும் மேல் உயர்ந்த செயின்ட் பொட்டால்ஃப் தேவாலயக் கோபுரம். ஊர்க்காரர்கள் அதை 'ஸ்டம்ப்' என்கிறார்கள். கோபுரம் கண்ணில் பட்டு வெகுநேரம் கழித்தே பாஸ்டன் வந்து சேர்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். ஆனால் இன்று பிரிட்டனில் இந்தப் பெயரைச் சொன்னால் வேறொன்று நினைவுக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் நாடு முழுவதும் 51.9 விழுக்காட்டினர் விலகல் பக்கம் நின்றனர். பாஸ்டனில் 75.6 விழுக்காடு. நாட்டிலேயே மிக அதிகம்.

2025 இலையுதிர்காலத்தில் இந்தப் பயணத்தைத் தொடங்கும்போது லண்டனில் பலர் என்னைத் தடுத்தார்கள். அங்கே என்ன இருக்கிறது, பொய்யை நம்பி வாக்களித்த ஊர்கள்தானே என்றார்கள். ஒரு நாட்டில் நாலில் மூன்று பேர் ஒரே பக்கம் சாயும் ஊர் இருந்தால், அங்கே போய்க் காரணம் கேட்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது. 'அதிகாரத்தை மீட்டெடுப்போம்' என்பது விலகல் அணியின் முழக்கம். மீட்ட அதிகாரம் இந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க விரும்பினேன்.

பாஸ்டன் சந்தை கூடும் நாள்களில் சனிக்கிழமையும் ஒன்று. சந்தைச் சதுக்கத்தில் காய்கறிக் கடைகள், மலிவுத் துணிக் கடைகள். விளக்குக் கம்பங்களில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடிகள். அந்தக் கோடைக்காலத்தில் நாடெங்கும் மக்கள் தாங்களாகவே ஏணி வைத்து ஏறிக் கட்டியவை. சதுக்கத்திலிருந்து வெஸ்ட் தெருவுக்குள் திரும்பினால் போலந்து, லிதுவேனியா, லாட்வியா, ருமேனியா மளிகைக் கடைகள். புகையிட்ட இறைச்சி வாசனை வாசலிலேயே அடிக்கிறது. இந்தக் கலப்பு பாஸ்டனுக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பளி ஏற்றுமதியில் முன்னணியில் இருந்த துறைமுகம் இது. ஜெர்மானிய வணிகர்கள் இங்கே கிடங்கு வைத்திருந்தார்கள். ஸ்டம்ப் கோபுரத்தை எழுப்பிய செல்வமே ஐரோப்பாவோடு நடந்த வணிகத்தில் வந்ததுதான்.

பின் எங்கே முறிந்தது? 2004இல் போலந்து உள்ளிட்ட எட்டு கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. பழைய உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவை தங்கள் வேலைச் சந்தையைச் சில ஆண்டுகள் பூட்டி வைத்தன. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும் உடனே திறந்துவிட்டன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர்வரை வரக்கூடும் என்று உள்துறைக்காகத் தயாரான அறிக்கை சொன்னது. வந்தவர்கள் இலட்சக்கணக்கில். அந்த இலட்சத்தில் ஒரு பங்கு, காய்கறி அறுக்கவும் பொட்டலம் கட்டவும் இந்த வயல்களுக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பின்போது பாஸ்டனில் பத்தில் ஒருவர் அந்தப் புதிய உறுப்பு நாடுகளில் பிறந்தவர்.

வயலுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவரை இங்கே 'கேங்மாஸ்டர்' என்கிறார்கள். நம் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியேதான். விடிவதற்கு முன் வேனில் ஏற்றிப் போவதும், கூலியில் வாடகையையும் வண்டிச் சத்தத்தையும் பிடித்துக்கொள்வதும், ஒரே வீட்டில் பத்துப் பேரை அடைப்பதும் அவர்தான். பண்ணையாருக்கு மலிவான கை கிடைத்தது. லண்டன் சூப்பர்மார்க்கெட்டுக்கு மலிவான காய் கிடைத்தது. பாஸ்டனுக்குக் கிடைத்தது உயர்ந்த வாடகையும், நிரம்பிய வகுப்பறையும், மருத்துவரைப் பார்க்க நீண்ட காத்திருப்பும்.

சந்தைச் சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் பேச்சுக் கொடுத்தார், பணி ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர். விலகலுக்கு வாக்களித்தவர்; இன்றும் வருந்தவில்லை. போலந்துக்காரர்கள் மீது அவருக்குக் கோபம் இல்லை. "அவர்கள் வேலை செய்ய வந்தார்கள், செய்தார்கள். ஊர் இரண்டு பங்காகப் பெருகுகிறது, ஒரு மருத்துவரையாவது கூடுதலாக அனுப்புங்கள் என்று கேட்டோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை" என்றார். எண்ணிக்கையில் அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். கேட்டது நியாயம். புதியவர்கள் திடீரெனப் பெருகிய ஊர்களுக்குப் பள்ளி, மருத்துவம் போன்றவற்றில் கைகொடுக்க கார்டன் பிரவுன் ஆட்சியில் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. தொகை சிறியதுதான். 2010இல் டேவிட் கேமரனின் கூட்டணி ஆட்சி வந்ததும் அதையும் மூடிவிட்டது. அதே கேமரன்தான் ஆறு ஆண்டுகள் கழித்து பாஸ்டனிடம் வந்து, ஐரோப்பாவில் இருப்பதே உங்களுக்கு நல்லது என்றார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு அந்த 75.6 எனக்குப் புதிராக இல்லை.

வெஸ்ட் தெருவில் ஒரு லிதுவேனியக் கடையில் கல்லாவில் இருந்த பெண்மணி, பழைய வாடிக்கையாளர்களில் பலர் ஊர் திரும்பிவிட்டதாகச் சொன்னார். பவுண்டின் மதிப்பு இறங்கியது, ஊரில் கூலி ஏறியது, போய்விட்டார்கள். தங்கியவர்கள் நிரந்தர வசிப்புரிமை வாங்கிக்கொண்டு தங்கினார்கள். அவருடைய மகன் லிங்கன்ஷையர் உச்சரிப்பில்தான் ஆங்கிலம் பேசுகிறான். பொதுவாக்கெடுப்புக்கு மறுநாள் பள்ளியில் ஒரு பையன் அவனிடம், நீ எப்போது போகப் போகிறாய் என்று கேட்டதை அவர் மறக்கவில்லை. அதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. காசை எண்ணிய கை மட்டும் நின்றது.

வயல்கள் காலியாக இல்லை. இப்போது அறுப்பவர்கள் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து ஆறு மாத விசாவில் வருகிறார்கள். 2019இல் 2,500 பேருக்கான சோதனைத் திட்டமாகத் தொடங்கியது, நான்கே ஆண்டுகளில் 45,000 இடங்களாகிவிட்டது. லிதுவேனியர் குடும்பத்தோடு தங்கினார், கடை வைத்தார். ஆறு மாதக்காரருக்கு அது எதுவும் முடியாது. குடும்பத்தை அழைத்துவர உரிமை இல்லை. பருவம் முடிந்தால் போய்விட வேண்டும். பலர் இங்கு வருவதற்கே கடன் வாங்கியிருக்கிறார்கள். பாஸ்டன் கேட்டது மருத்துவரை. கிடைத்தது இன்னும் தூரத்திலிருந்து இன்னும் பலவீனமான கூலி. நாடு முழுவதற்குமான கணக்கு இதைவிடக் கடுமை. குடியேற்றத்தைக் குறைப்பதாகச் சொல்லி வென்றவர்களின் ஆட்சியில், 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களே வகுத்த விசா விதிகளின் விளைவு அது. குறைப்பதாகச் சொன்னதைப் பொய் என்று ஒரு லாரி ஓட்டுநர் சொன்னால் என்னால் மறுக்க முடியவில்லை.

2024 பொதுத்தேர்தலில் பாஸ்டன் தொகுதி கன்சர்வேட்டிவ் கட்சியைக் கைவிட்டு, விலகலுக்காக முன்னின்ற நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்குப் போனது. அடுத்த ஆண்டு மே மாதம் லிங்கன்ஷையர் கவுன்டி கவுன்சிலும் அதே கட்சியிடம் போனது.

பாஸ்டனிலிருந்து கிரிம்ஸ்பிக்கு நேர் வடக்கே போக வேண்டும். முன்பு நேரடி ரயில் இருந்தது. 1970இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது ரயிலில் போவதானால் லிங்கன் நகரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். லண்டனுக்குப் போவது எளிது, பக்கத்து ஊருக்குப் போவது கடினம். இங்கிலாந்தின் கிழக்குக் கரை முழுக்க இப்படித்தான் இருக்கிறது.

கிரிம்ஸ்பியை ரயிலிலிருந்தே அடையாளம் காட்டுவது துறைமுகக் கோபுரம். 1852இல் கட்டி முடித்தது; 94 மீட்டர் உயரம்; இத்தாலியின் சியன்னா நகர மன்றக் கோபுரத்தைப் பார்த்து, துறைமுகக் கதவுகளை நீரழுத்தத்தால் இயக்குவதற்காகக் கட்டியது. கடந்த நூற்றாண்டின் நடுவில் உலகின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று இந்த ஊரைச் சொன்னார்கள். இழுவைப் படகுகள் மூன்று வாரம் தூர வடக்குக் கடல்களின் பனியில் கிடந்து திரும்பும். மீனவர் கரையில் தங்குவது மூன்று நாள். அந்த மூன்று நாளில் சம்பளம் முழுவதையும் ஃபிரீமன் தெருவில் செலவழிப்பார்கள். 'மூன்று நாள் கோடீஸ்வரர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். இன்று ஃபிரீமன் தெருவில் பலகை அடித்த கடைகள்தாம் கண்ணில் படுகின்றன. துறைமுகத்தில் பழைய பனிக்கட்டித் தொழிற்சாலை, இயந்திரங்கள் துருப்பிடித்து உள்ளேயே நிற்க, கூரை இடிந்து கிடக்கிறது.

இந்த ஊர் அழிந்த கதையை விளங்கிக்கொள்ளாமல் பிரெக்சிட் என்னும் இந்த விலகலை விளங்கிக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன். கிரிம்ஸ்பியின் படகுகள் நம்பியிருந்தது ஐஸ்லாந்துக் கடலை. ஐஸ்லாந்து தன் எல்லையைப் படிப்படியாக விரித்து, கடைசியில் 200 கடல் மைல் என்றது. 1958இலிருந்து மூன்று முறை மோதல். 'காட் போர்கள்' என்ற பெயரோடு வரலாற்றில் நிற்பவை. 1976 ஜூனில் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்தவர் அந்தோணி கிராஸ்லண்ட். அவர் கிரிம்ஸ்பியின் நாடாளுமன்ற உறுப்பினர். தன்னைத் தேர்ந்தெடுத்த ஊரின் வாழ்வாதாரத்தை முடித்துவைக்கும் உடன்பாட்டை அவரே செய்ய வேண்டியிருந்தது. நேட்டோ கூட்டணிக்கு ஐஸ்லாந்து தேவைப்பட்டது; நாட்டின் நலன் அப்படி. ஆனால் விலையை நாடு கொடுக்கவில்லை, கிரிம்ஸ்பியும் ஹல்லும் ஃபிளீட்வுட்டும் கொடுத்தன. வேலையிழந்த மீனவர்களைத் தற்காலிகக் கூலிகள் என்று வகைப்படுத்தியதால் பணிநீக்க இழப்பீடுகூட இல்லை. அரசு இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டில். ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

மீன்பிடி மரபு மையத்தில் நிறுத்தி வைத்திருக்கும் 'ராஸ் டைகர்' படகைச் சுற்றிக்காட்டிய முதியவர், இதைச் சொல்லும்போது வலையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அப்பாவும் இரண்டு சிற்றப்பாக்களும் கடலுக்குப் போனவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் மீது அவருக்குக் கோபம் உண்டு. ஐரோப்பியப் பங்கீட்டு விதிகள் மிச்சமிருந்த படகுகளையும் குறைத்தன. அதனால் 2016இல் விலகலுக்கு வாக்களித்தார். அவர் வாழும் வடகிழக்கு லிங்கன்ஷையரில் 69.9 விழுக்காட்டினர் அவரைப் போலவே வாக்களித்தனர். தேம்ஸ் நதியில் மீனைக் கொட்டிப் போராட்டம் நடத்தினார் ஃபராஜ். கடலைத் திருப்பித் தருவோம் என்றனர் அமைச்சர்கள். 2020 டிசம்பரில் பிரதமர் போரிஸ் ஜான்சன் செய்த ஒப்பந்தத்தில், பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் வைத்திருந்த பங்கில் நாலில் ஒன்றுதான் திரும்பியது, அதுவும் ஐந்தரை ஆண்டுகளில் தவணை தவணையாக. 2021இல் நார்வேயோடு உடன்பாடு எட்டாததால், பக்கத்து ஹல் நகரின் 'கெர்கெல்லா' என்ற பெரிய இழுவைக் கப்பல் வழக்கமான நார்வே கடற்பகுதியில் மீன்பிடிக்க முடியாமல் கிடந்தது. 2025 மே மாதம் பிரதமர் கியர் ஸ்டார்மர் ஐரோப்பிய ஒன்றியத்தோடு புதிதாகச் செய்த உடன்பாட்டில், ஐரோப்பியப் படகுகளுக்கான அனுமதி 2038 வரை நீண்டது. "1976இல் எங்களை விற்றார்கள். 2020இல் விற்றார்கள். இப்போதும் விற்றார்கள். கட்சிதான் வேறு வேறு" என்றார் அவர்.

பொருளாதாரக் கணக்குப் போடுபவர்கள் அவருக்குப் பதில் சொல்வார்கள்: மீன்பிடித் தொழில் நாட்டின் உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதற்காக ஏற்றுமதி முழுவதையும் பணயம் வைக்க முடியாது. கணக்கு சரி. கிரிம்ஸ்பியே இன்று வாழ்வது பிடிக்கும் மீனால் அல்ல, பதப்படுத்தும் மீனால். பிரிட்டன் உண்ணும் மீனில் பெரும்பகுதி இங்குள்ள ஆலைகளில்தான் வெட்டிப் பொட்டலமாகிறது. மூலப்பொருள் ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் பெட்டி பெட்டியாக வருகிறது. கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் தளமும் இங்கே வந்திருக்கிறது; இளைஞர்கள் சிலருக்கு நல்ல வேலை. எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கணக்கை 1976இலிருந்தே யாராவது இந்த ஊருக்கு வந்து முகம் பார்த்துச் சொல்லி, மாற்று வழியும் செய்திருந்தால், 2016இல் கடலைத் திருப்பித் தருகிறேன் என்றவர்களின் பேச்சு இங்கே எடுபட்டிருக்காது.

பக்கத்துக் கிளீதோர்ப்ஸ் கடற்கரையில், மாட்டுக் கொழுப்பில் பொரித்த ஹாடக் மீனும் சிப்ஸும் சாப்பிட்டேன். விலை பத்துப் பவுண்டைத் தாண்டியிருந்தது. கடைக்காரர் பிரெக்சிட்டைக் குறை சொல்லவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு ஏறிய எரிவாயு, எண்ணெய் விலையையும் ரஷ்ய மீனுக்கு 2022இல் விதித்த 35 விழுக்காடு வரியையும் சொன்னார். எல்லாத் துன்பத்தையும் பிரெக்சிட் கணக்கில் எழுதிவிட்டால் நாமும் அந்தச் சிவப்புப் பேருந்துக்காரர்களைப் போலாகிவிடுவோம்.

விலகல் அணியின் அந்தப் பேருந்தை மறக்க முடியாது. ஐரோப்பாவுக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதைத் தேசிய சுகாதார சேவைக்குக் கொடுப்போம் என்று பக்கவாட்டில் எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியது. அந்த எண் தவறாக வழிநடத்துகிறது என்று அரசின் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. சுகாதாரத்துக்குப் பணம் பின்னால் கூடத்தான் செய்தது. ஆனால் இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 2023 செப்டம்பரில் 77 இலட்சத்தைத் தாண்டியது. பொதுவாக்கெடுப்பு நடந்தபோது இருந்ததைப் போல் ஏறக்குறைய இருமடங்கு.

லண்டனுக்குத் திரும்பியதும் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்து மறுகரைக்குப் போனேன். நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே, செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டிய நீண்ட சுவரில் கோவிட்டில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் வரைந்திருக்கிறார்கள். 2021 மார்ச்சில் உறவினர்கள் தாங்களே வரையத் தொடங்கியது. இப்போது 2 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல். வெயிலில் நிறம் வெளுத்துவிடுவதால் தன்னார்வலர்கள் மீண்டும் மீண்டும் தீட்டுகிறார்கள். உள்ளே பெயர்கள், தேதிகள். 'கடைசியாக உன் கையைப் பிடிக்க விடவில்லை' என்ற பொருளில் பல வரிகள். இந்தப் பயணத்தில் எனக்குத் தொண்டை அடைத்த இடம் இது ஒன்றுதான்.

ஏனென்றால் எதிர்க்கரையில் நடந்தது நமக்குத் தெரியும். மக்கள் தாயின் சவ அடக்கத்துக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த மாதங்களில், பிரதமர் அலுவலகத்தில் விருந்துகள் நடந்தன. எலிசபெத் ராணி கணவரின் இறுதிச் சடங்கில் தனியே அமர்ந்த நாளுக்கு முந்தைய இரவிலும் அங்கே விருந்து. போலீஸ் விதித்த அபராதங்கள் 126. பிரதமர் ஜான்சனும் நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் அபராதம் கட்டியவர்களில் இருந்தார்கள். பிரெக்சிட்டை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒன்றாகச் சினந்தது இதற்குத்தான்.

2016 ஜூன் முதல் 2024 ஜூலை வரை டவுனிங் தெருவின் பத்தாம் எண் வீட்டில் ஆறு பிரதமர்கள் இருந்திருக்கிறார்கள். வாக்கெடுப்பை அறிவித்த கேமரன் முடிவு வந்த காலையிலேயே விலகலை அறிவித்தார். தெரசா மேயின் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 230 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. லிஸ் டிரஸ் இருந்தது 49 நாள். அதற்குள் 4,500 கோடி பவுண்டு வரிச்சலுகையை, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் அறிவித்து, வீட்டுக்கடன் வட்டியை எகிறச் செய்துவிட்டுப் போனார். அந்த வட்டியைக் குடும்பங்கள் இன்னும் கட்டுகின்றன. 2024இல் ஸ்டார்மரின் தொழிற்கட்சி பதிவான வாக்கில் 34 விழுக்காட்டை வாங்கி 400க்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. வந்த முதல் மாதமே, ஏறக்குறைய ஒரு கோடி முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை நிறுத்தியது. எதிர்ப்பு பெருகியதும் அடுத்த ஆண்டு பெரும்பாலோருக்குத் திருப்பிக் கொடுத்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் தன் நலனை விட நாட்டின் நலனை முன்வைக்கும் என்று ஏறக்குறைய ஒருபோதும் நம்புவதில்லை என்று 2024இல் வெளியான ஒரு தேசிய ஆய்வில் 45 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதுவரை அந்த ஆய்வு கண்டிராத உச்சம் அது. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்பதைத்தான் பாஸ்டனிலும் கிரிம்ஸ்பியிலும் அவரவர் மொழியில் கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஈஸ்ட்ஹாம் தமிழ்க் கடைத்தெருவிலும் அதே பேச்சுதான். இங்குள்ள நம்மவர்களுக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. 2016இல் இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருந்தவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் வாக்களிக்க முடிந்தது. பல ஆண்டுகள் வாழ்ந்த போலந்துக்காரருக்கோ ஜெர்மானியருக்கோ வாக்கு இல்லை. ஐரோப்பியர் குறைந்தால் தெற்காசியச் சமையல்காரர்களுக்கு விசா எளிதாகும் என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல் கறி உணவகக்காரர்களிடம் பிரசாரம் செய்தார். அதை நம்பியவர்கள் இங்கேயும் இருந்தார்கள். மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரின் கதை வேறு. "நாங்கள் ஹொலண்டிலை இருந்து வந்தனாங்கள், தம்பி. பிள்ளையள் ஆங்கிலத்திலை படிக்கட்டும் எண்டு வந்தது. டச்சுப் பாஸ்போர்ட் வைச்சிருந்தபடியால் எங்களுக்கு வோட்டு இல்லை. ஒருக்கா அகதியா நிண்டனான். பேந்தும் ஒருக்கா, இஞ்ச இருக்க விடுங்கோ எண்டு ஃபோம் நிரப்ப வேண்டி வந்திட்டுது" என்றார். வசிப்புரிமை கிடைத்துவிட்டது. அந்தப் படிவத்தை நிரப்பிய இரவு அவருக்கு இன்னும் வலிக்கிறது.

அடுத்துத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தை விரைவாகவே கடந்தேன். ஆஷ்ஃபோர்டுக்கு அருகே செவிங்டனில், வயலாக இருந்த இடத்தில் லாரிகளைச் சோதிக்கும் பரந்த தளம் நிற்கிறது. புதிய எல்லை ஏற்பாடுகளுக்கு மொத்தம் 470 கோடி பவுண்டு ஆகும் என்று 2024இல் அரசுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. உணவுப் பொருள்களுக்கான அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றை நீக்கத்தான் ஸ்டார்மர் அரசு 2025இல் பேசத் தொடங்கியது. டோவர் பாறைகளின் கீழே கடல் அமைதியாக இருந்தது. 2018இல் இந்த ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகுகளில் கடந்தவர்கள் 299 பேர்; 2022இல் 45,000 பேருக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டதும், வந்தவர்களை முதலில் நுழைந்த நாட்டுக்குத் திருப்பியனுப்பக் கோரும் சட்டவழியும் போய்விட்டது. எல்லையை மீட்போம் என்றவர்கள் இதை மக்களிடம் சொல்லவில்லை. வர்த்தகம் 15 விழுக்காடும் உற்பத்தித்திறன் 4 விழுக்காடும் நீண்டகாலத்தில் குறைந்துவிடும் என்பது அரசின் சொந்த வரவுசெலவுக் கணிப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. அதையும் அமைச்சர்கள் நெடுநாள் ஓங்கிச் சொல்லவில்லை. தொழிற்கட்சியும் விலகல் வாக்காளர்கள் கோபிப்பார்கள் என்று ஆண்டுக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை மக்கள் மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை; தங்களைக் குழந்தைகளாக நடத்துவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாகத் தெற்கு வேல்ஸின் எபூ வேல். கார்டிஃபிலிருந்து ஒரு மணி நேர ரயில், குறுகிய பள்ளத்தாக்கில் ஏறுகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய எஃகு ஆலைகளில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது, 2002இல் மூடிவிட்டார்கள். இந்தத் தொகுதியின் உறுப்பினராக 1929 முதல் இறக்கும்வரை இருந்தவர் அனைரின் பெவன். பக்கத்து ஊரான டிரெடிகரில் சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் சிறு தொகை போட்டு நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர். அதையே நாடு முழுவதற்கும் விரித்து 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி வைத்தார்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்லூரி, பள்ளி, மருத்துவமனை, விளையாட்டரங்கு. மேலே உள்ள கடைத்தெருவுக்கு ஏற ஒரு மின்தூக்கிப் பெட்டி. பலவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் வந்தது. நீலக் கொடி பொறித்த பலகைகள் இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகச் சிலரே. இருந்தும் இந்த ஊர் அடங்கிய வட்டாரத்தில் 62 விழுக்காட்டினர் விலகலுக்கு வாக்களித்தார்கள். வேல்ஸிலேயே மிக அதிகம். நன்றி கெட்டவர்கள் என்று லண்டனில் பேசினார்கள். நான் அந்தக் கட்டிடங்களைச் சுற்றி வந்தேன். கட்டிடங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆலையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருந்த வேலை மட்டும் எங்கும் இல்லை. ஊருக்கு என்ன வேண்டும் என்பதை பிரஸ்ஸல்ஸும் கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் அரசும் முடிவு செய்தன, ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. விலகிய பின் ஒரு பைசா குறையாது என்று வாக்குக் கொடுத்தார்கள். மாற்றாக வந்த நிதியை வேல்ஸ் அரசைத் தாண்டி லண்டன் தன் கையில் வைத்துக்கொண்டது. 100 கோடி பவுண்டுக்கு மேல் குறைந்துவிட்டதாக வேல்ஸ் அரசு சொன்னது. பிரஸ்ஸல்ஸிலிருந்து கிளம்பிய அதிகாரம் லண்டன் வரை வந்தது. அதற்கு மேல் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஏறவில்லை.

பேருந்து நிலையத்தில் ஓர் அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தேன். முதியோர் இல்லத்தில் பணியாளராக இருந்தவர். கணவருக்கு இருதய நோய். ஊரின் மருத்துவமனைக்குப் பெவனின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்; ஆனால் அங்கே அவசர சிகிச்சை கிடையாது. 2020 நவம்பரில் கும்பிரானில் பெரிய மருத்துவமனை திறந்ததும் சுற்றுவட்டாரத்தின் அவசர சிகிச்சை அங்கே போய்விட்டது. இது லண்டன் எடுத்த முடிவல்ல, கார்டிஃப் எடுத்தது. அவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படவில்லை. கணவரை ஆம்புலன்சில் ஏற்றிப் போனார்கள், நள்ளிரவில் நலம் என்று விட்டுவிட்டார்கள், வீடு திரும்ப வழி இல்லை; அவருக்குத் தெரிந்த அரசியல் அதுதான்.

சில பள்ளத்தாக்குகள் தள்ளி கேர்ஃபிலியில் அப்போதுதான் வேல்ஸ் சட்டமன்ற இடைத்தேர்தல் முடிந்திருந்தது. நூறாண்டாகத் தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்த ஊர். 2025 அக்டோபர் 23 அன்று வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி 47 விழுக்காட்டோடு வென்றது, ரிஃபார்ம் 36, தொழிற்கட்சி 11. 2026 மே மாதம் வேல்ஸ் சட்டமன்றத் தேர்தல் வரும்போது யாருக்குப் போடுவீர்கள் என்று அம்மாளைக் கேட்டேன். அதுவரை முடிவு செய்யவில்லை என்றார். ஆனால் கதவைத் தட்டும் வேட்பாளர் ஒவ்வொருவரிடமும், கும்பிரான் மருத்துவமனையிலிருந்து இரவு பத்து மணிக்குப் பிறகு எபூ வேலுக்குப் பேருந்து விடுவீர்களா என்று கேட்கப் போவதாகச் சொன்னார். பிரெக்சிட்டைப் பற்றி அவர்களிடம் கேட்க அவருக்கு எதுவும் இருக்கவில்லை.